பாதி வலை

எங்கள் வீட்டில் "கடலுக்குப் போறேன்" என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான். நடுராத்திரியில் எழுந்து, ஐஸ், டீசல், வலை, தூக்குச்சட்டியில் சோறு என்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கிளம்புவது. நாள் கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடித்தால் அதற்குத் 'தங்கல்' என்று பேர். காற்று வாங்கப் போனால் அது பீச்சுக்குப் போவது, காலில் அலை படப் போனால் அதுவும் பீச்சுக்குப் போவதுதான். அதனால் தை மாதத்தில் ஒரு நாள் நான் அம்மாவிடம் "வெள்ளிக்கிழமை கடலுக்குப் போறேன்மா, ஞாயித்துக்கிழமை வந்துடுவேன்" என்று சொன்னதும், வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவள் அப்படியே நிமிர்ந்து பார்த்தாள். "யார் போட்ல?" என்றாள். தெரிஞ்சவர் ஒருத்தர் போட்டில் என்றேன். "இன்னா வலை?" என்று அடுத்த கேள்வி. வலையெல்லாம் இல்லை, பாய் விரித்துக்கொண்டு சும்மா பாண்டிச்சேரி வரை போய் வருகிறோம் என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஏன், பஸ்ஸுக்கு இன்னாச்சி?" என்றாள்.

அன்றைக்குச் சிரித்தேன். நாலு மாதமாக அந்தச் 'சும்மா' என்ற சொல் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. யாரிடமாவது முழுசாகச் சொன்னால் இறங்கும் என்று நினைத்து ரெண்டு மூன்று பேரிடம் சொல்லிப் பார்த்தேன். ஆளுக்கொரு பக்கம் சிரித்துவிட்டுப் போனார்கள். அதனால் எழுதுகிறேன்.

ஐந்து பேர், ஒரு பொய்

நாங்கள் ஐந்து பேர். கேப்டன் என்று நாங்கள் கூப்பிடுகிறவர் உண்மையில் கேப்டன் இல்லை, சரக்குக் கப்பலில் சீஃப் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்ற தண்டையார்பேட்டைக்காரர். போட் அவருடையது, அதனால் கேப்டன். பெரம்பூரிலிருந்து ஒரு பேங்க் மேனேஜர், பழைய வண்ணாரப்பேட்டையில் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர் அக்கா, திருவொற்றியூரிலிருந்து ஒரு சாஃப்ட்வேர் தம்பி, அப்புறம் நான். சென்னையில் பாய்மரப் படகு ஓட்டுவது புதுசு ஒன்றும் இல்லை. துறைமுகத் தலைவராக இருந்த சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் 1911லேயே இங்கே யாட் கிளப் தொடங்கிவிட்டார். ஆனால் அது துரைமார் விளையாட்டாகத்தான் ரொம்ப காலம் இருந்தது, மீனவர் ஊரான எங்கள் காசிமேட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தும் எங்கள் தெருவில் ஒருவருக்கும் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. எனக்கும் தெரியாது. நான் ராஜாஜி சாலைப் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை செய்கிறேன். கேப்டன் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ஒரு பாய், கஸ்டம்ஸில் மாட்டிக்கொண்டது. அந்த பேப்பர் என் மேஜைக்கு வந்தது. பார்சலை வெளியே எடுத்துக் கொடுத்த அன்றைக்கு அவர் கேட்டார், "நீ எந்த ஏரியாப்பா?" காசிமேடு என்றேன். முகமெல்லாம் மலர்ந்து, "அப்ப உனக்குக் கடல் நல்லாத் தெரிஞ்சிருக்கும்" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. பொய் அதுதான். வாயைத் திறந்து சொன்ன பொய் இல்லை, வாயை மூடிக்கொண்டு சொன்ன பொய். அதற்குப் பிறகு ரெண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமை தோறும் போய், துறைமுகச் சுவருக்கு உள்ளேயும் வாய்க்கு வெளியே கொஞ்ச தூரமும் பாய் கட்ட, திருப்ப, சுக்கான் பிடிக்க எல்லாம் கற்றுக்கொண்டேன். ஆனால் அவர்கள் கண்ணில் நான் கற்றுக்கொண்டவன் இல்லை, பிறவியிலேயே தெரிந்தவன். மேகம் கருத்தால் என்னைப் பார்ப்பார்கள். நானும் கண்ணைச் சுருக்கி அடிவானத்தைப் பார்த்துவிட்டு "ஒண்ணும் இல்ல, போகலாம்" என்பேன். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, அது என் அதிர்ஷ்டம்.

நிஜம் என்னவென்றால், அதற்கு முன்னால் என் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் நைனாவோடு கடலுக்குப் போயிருக்கிறேன். பதினொரு வயதில். ஃபைபர் போட்டில் ஏறி ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுக்க ஆரம்பித்து, கடைசியில் மஞ்சளாகத் தண்ணி மட்டும் வந்து, நைனா வலை போடாமலே திரும்பிவிட்டார். ஒரு நாள் பாடு போச்சு, டீசல் போச்சு. அவர் திட்டவில்லை. கூட வந்தவர்களிடம் "இவன் படிக்கட்டும்" என்றார், அவ்வளவுதான். தாத்தா கட்டுமரத்தில் பாய் கட்டிப் போனவர், நைனா இன்ஜின் காலத்தில் போனவர், நான் கஸ்டம்ஸ் பேப்பரில் ஸ்டாம்ப் வாங்கப் போனவன். எங்கள் வீட்டில் பாய்மரத்தைப் பற்றி யாரும் ஏங்கிப் பேசி நான் கேட்டதே இல்லை. முட்டி தேயத் துடுப்புப் போட்டவனுக்கு மோட்டார் வந்தால் சந்தோஷம்தானே. உலகத்துக்கே 'கேட்டமரன்' என்று ஒரு சொல்லைக் கொடுத்த கரை இது என்று எங்கள் மேனேஜர் அடிக்கடி பெருமைப்படுவார். ஆயாவிடம் ஒரு தடவை இதைச் சொன்னேன். "மரத்தை அவுத்து வெயில்ல காயவெச்சி, மறுபடி கட்டி, தோள் காச்சுப் போனது எங்களுக்குத்தான் தெரியும், பேரை யாரு வேணா வெச்சுக்கட்டும்" என்றாள்.

கிளம்பின கதை

சென்னையிலிருந்து பாண்டிச்சேரி கடல் வழியில் சுமார் 75 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், ஆக 140 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. எங்கள் முப்பது அடிப் படகு நாலு, நாலரை நாட் வேகத்தில் போகும், அதாவது மணிக்கு நாலரைக் கடல் மைல். சைக்கிளில் போகிறவன் நம்மைத் தாண்டிப் போய்விடுவான். தை அமாவாசை முடிந்த வெள்ளிக்கிழமை மதியம் ரெண்டு மணிக்குக் கிளம்பினால் மறுநாள் காலை ஏழு எட்டு மணிக்குப் போய்ச் சேரலாம் என்பது கணக்கு. அந்தச் சமயத்தில் வாடைக்காற்று இன்னும் விட்டிருக்காது, தெற்கே போகிறவனுக்குப் பின்காற்று. துறைமுகத்தில் அனுமதி, கடலோரக் காவல் படைக்குத் தகவல், ஆதார் நகல் என்று பேப்பர் வேலை முழுக்க என் தலையில். அது ஒன்றுதான் எனக்கு நிஜமாகவே தெரிந்த வேலை.

தெற்கே போக வேண்டியவன் முதலில் வடக்கே பார்த்துத்தான் வெளியே வரணும். சென்னைத் துறைமுகத்தின் வாய் ஒரு காலத்தில் கிழக்கே பார்த்து இருந்ததாம். 1881இல் அடித்த புயல் சுவர்களைப் பிய்த்துப் போட்டது, அப்புறம் வாயை வடகிழக்குப் பக்கம் மாற்றினார்கள். கேப்டன் இதை ஒவ்வொரு தடவையும் சொல்வார். அதனால் வெளியே வரும்போது முதலில் தெரிவது எங்கள் ஊர். மீன்பிடித் துறைமுகத்தில் நெருக்கியடித்து நிற்கும் விசைப்படகுகள், அப்புறம் கறுப்புக் கறுப்பாகக் கொட்டி வைத்த பாறைச் சுவர். கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும் மணலைத் துறைமுகச் சுவர் மறித்துக்கொண்டதால் தெற்குப் பக்கம் மெரினா அகலமாகிக்கொண்டே போனது, மணல் வரத்து நின்ற எங்கள் பக்கத்தைக் கடல் தின்றுகொண்டே வந்தது. இதெல்லாம் படித்துத் தெரிந்ததுதான். கடலிலிருந்து திரும்பிப் பார்க்கும்போதுதான் அது எவ்வளவு ஒல்லியான ஊர் என்று தெரிகிறது. ஒரு பாறை வரிசை, ஒரு ரோடு, ஒரு வரிசை வீடு, அதற்குப் பின்னால் கிரேன்கள். தம்பி போட்டோ எடுத்தான். "அண்ணா, உங்க வீடு எது?" என்றான். கை காட்டினேன். சரியான இடத்தைத்தான் காட்டினேனா என்று எனக்கே சந்தேகம்.

இன்ஜினை நிறுத்திப் பாயை ஏற்றிய பத்தாவது நிமிடம் வயிறு பிசைய ஆரம்பித்தது. பின்காற்றில் படகு முன்னும் பின்னும் ஆடாமல் இடமும் வலமுமாக உருளும், தொட்டில் மாதிரி, ஆனால் குடிகாரன் ஆட்டுகிற தொட்டில். காலையில் சாப்பிட்ட இட்லியும் வடகறியும் கோவளத்துக்கு நேராகப் போயிற்று. டாக்டர் அக்கா மாத்திரை கொடுத்துவிட்டு, "நீங்களே இப்படின்னா நாங்கல்லாம் எப்படி?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே பயந்து கேட்டார். "நேத்து ராத்திரி சாப்பாடு ஒத்துக்கல" என்றேன். ரெண்டாவது பொய், இது வாயைத் திறந்து சொன்னது.

ஒன்பது மணிக்கு மேல் மாமல்லபுரம் கலங்கரை விளக்கு பின்னால் போனது, கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குக் கிட்டே போகக்கூடாது என்பதால் நன்றாக வெளியே விலகிப் போனோம். பிறை எப்போதோ இறங்கிவிட்டது. நட்சத்திரம் பற்றி எழுதப் போவதில்லை, நான் அதிகம் பார்க்கவும் இல்லை. பக்கெட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரெண்டு மணி

ராத்திரிக் காவல் ரெண்டு ரெண்டு மணி நேரமாகப் பிரித்திருந்தோம். ரெண்டிலிருந்து நாலு மணி வரை எனக்கும் தம்பிக்கும். வயிறு அப்போது கொஞ்சம் அடங்கியிருந்தது. ஆலம்பரைக்கு நேராக எங்கேயோ இருந்தோம், கரையில் மரக்காணம் பக்கத்து வெளிச்சம் மங்கலாகத் தெரிந்தது. சுக்கான் என் கையில். தம்பி இடது பக்கம் காட்டி, "அண்ணா, அங்க ஒரு லைட் மினுக்குது, என்னது?" என்றான். பார்த்தேன். ஒரு வெள்ளைப் பொட்டு, அலை தூக்கும்போது தெரியும், இறக்கும்போது மறையும். "தூரத்துல ஏதோ போட் போகுது" என்றேன். எவ்வளவு தூரம் என்று கேட்டான். "அது இருக்கும் ஒரு மூணு மைல்." காசிமேட்டுக்காரன் சொன்னால் அப்பீல் இல்லை. அவன் டீ போடக் கீழே இறங்கினான்.

அவன் இறங்கின கையோடு வலது பக்கம், கரைப் பக்கமாக, ஒரு டார்ச் வெளிச்சம். யாரோ எங்களைப் பார்த்து மேலும் கீழுமாக, அப்புறம் இடமும் வலமுமாக ஆட்டினார்கள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? நடுக்கடலில், நம் ஆட்கள், நம்மைப் பார்த்துக் கை ஆட்டுகிறார்கள். நானும் என் டார்ச்சை எடுத்துத் திரும்ப ஆட்டினேன். அவர்கள் இன்னும் வேகமாக ஆட்டினார்கள். நானும் இன்னும் வேகமாக ஆட்டினேன்.

பரீட்சைக்குப் படிப்பது போல நான் படித்திருந்த விதி இது: 1972ஆம் வருடத்துச் சர்வதேசக் கடல் விதிகளின்படி, ராத்திரியில் வலை போட்டிருக்கும் படகு மேலே சிவப்பு, கீழே வெள்ளை என்று விளக்குக் கட்டணும், 150 மீட்டருக்கு மேல் வலை நீண்டிருந்தால் அது நீண்டிருக்கும் திசையில் இன்னொரு வெள்ளை விளக்குக் காட்டணும். நான் சிவப்பையும் வெள்ளையையும் தேடிக்கொண்டிருந்தேன். இடது பக்கம் மினுக்கியது ஒரு தண்ணி கேனுக்குள் போட்டுக் கட்டிய எல்.இ.டி. பல்பு, வலையின் ஒரு முனை. வலது பக்கம் டார்ச் ஆட்டியவர்கள் மறுமுனையில் வலையைக் கட்டிக்கொண்டு நின்ற ஃபைபர் போட். ரெண்டுக்கும் நடுவில் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாமல் தங்கூஸ் வலை, அதாவது நைலான் நரம்பு வலை, தண்ணிக்குள் திரைச்சீலை மாதிரி தொங்கிக்கொண்டிருக்கிறது. நைனாவும் இப்படித்தான் ராத்திரி கப்பல் வந்தால் டார்ச் அடிப்பார், சின்ன வயதில் சோறு சாப்பிடும்போது நூறு தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன். 'சுத்திப் போ' என்று அர்த்தம். கேட்ட கதைகள் எல்லாம் காதில் இருந்தன, கண்ணுக்கு வரவில்லை.

சத்தமே இல்லாமல் படகு நின்றது. மோதின மாதிரியே இல்லை, பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி. வலையின் மேல் கயிறு படகின் அடித்தண்டான கீலுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு வந்து சுக்கானில் மாட்டிக்கொண்டது. பாய் நிறையக் காற்று முன்னால் தள்ளுகிறது, கயிறு பின்னால் பிடித்து வைத்திருக்கிறது, அலை ஒவ்வொன்றும் பின்பக்கம் ஏறி நாங்கள் உட்காரும் இடத்துக்குள்ளேயே ஊற்றியது. சுக்கான் கட்டை என் கையில் துடித்தது. டார்ச்சைக் கீழே அடித்துப் பார்த்தேன். பச்சைக் கயிறு, வில் நாண் மாதிரி விறைத்து, தண்ணி சொட்டச் சொட்ட, அதில் கோத்த மிதவை ஒன்று படகின் அடியில் டொக் டொக் என்று இடிக்கிறது. கேப்டன் கீழிருந்து "இன்ஜினைத் தொடாதே!" என்று கத்திக்கொண்டே எழுந்து வருகிறார். இன்ஜின் போட்டால் தண்ணிக்குள் சுழலும் காற்றாடி மொத்த வலையையும் சுற்றிக்கொள்ளும், அது தெரியும். கம்பத்தோரம் உறையில் ஒரு கத்தி எப்போதும் இருக்கும், ஆபத்துக்கு அறுக்க. அதை நான் உருவினது எனக்கு ஞாபகம் இல்லை. குனிந்து, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அந்தக் கயிற்றில் கத்தியை வைத்ததுதான் ஞாபகம். ரெண்டு இழுப்பு. டப் என்ற சத்தம். ரெண்டு முனையும் ரெண்டு பக்கமாகத் தண்ணிக்குள் ஓடிப் போயின. படகு விடுபட்டுக் கிளம்பியது.

கேப்டன் மேலே வந்து நின்றார். பாயை இறக்குங்கள் என்று மற்றவர்களிடம் சொன்னார். என்னிடம் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. பாய் இறங்கி, படகு நின்று, ஒரு நிமிடம் ஆன பிறகு ரொம்ப மெதுவாகச் சொன்னார், "பாயை இறக்கியிருந்தா கயிறு தன்னாலத் தொய்ஞ்சிருக்கும்பா. கொக்கிக் கம்பால ஒரு அமுக்கு, அடியில போயிருக்கும்." அறுக்கத் தேவையே இருந்திருக்காது.

எந்த ஊரு?

ஃபைபர் போட் பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. மூணு பேர். முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவருக்கு அறுபது இருக்கும், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, மழைக்கோட்டு மாதிரி ஒன்றை மாட்டியிருந்தார். இளைஞன் ஒருவன் வந்த வேகத்திலேயே திட்ட ஆரம்பித்தான், இங்கே எழுத முடியாது, எழுத முடியாததில் நியாயம் இல்லாமலும் இல்லை. "டார்ச் அடிக்கிறோம், பதிலுக்கு டார்ச் அடிச்சி வெளாடுறான்!" என்றது மட்டும் இப்போதும் காதில் கேட்கிறது. மேனேஜர் பதிலுக்கு, நீங்கள் முறையான விளக்குப் போட்டிருக்கணும் என்று ஆரம்பித்தார். கேப்டன் அவர் தோளில் கை வைத்து நிறுத்தினார். பெரியவர் எங்கள் யாரையும் பார்க்காமல் தண்ணியில் டார்ச் அடித்துப் பார்த்தபடியே "எங்க அறுத்தீங்க?" என்று கேட்டார்.

நான் சொன்னேன். நான்தான் அறுத்தேன் என்பதையும் சொன்னேன். அப்போதுதான் என் முகத்தில் டார்ச் அடித்தார்.

"எந்த ஊரு?"

"காசிமேடு."

"காசிமேட்டுல எங்க?"

"பவர் குப்பம்."

டார்ச் கொஞ்ச நேரம் என் முகத்திலேயே நின்றது. "கடலுக்குப் போறியா?"

அந்தக் கேள்வியை ரெண்டு வருடமாக வேறு வேறு ஆட்கள் வேறு வேறு விதமாகக் கேட்டபோதெல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இவரிடம் முடியவில்லை. "இல்லண்ணே. நைனா போனாரு."

"நைனா போனாரு. நீ?"

"நாங்க... சும்மா. பாண்டி வரைக்கும்."

"சும்மாவா?" என்றார். பின்னால் இருந்த இளைஞன் பக்கம் திரும்பி, "சும்மா வந்தாங்களாம்டா" என்றார். கோபம் இல்லை. நிஜமாகவே அவருக்கு அது விளங்கவில்லை. ராத்திரி ரெண்டரை மணிக்கு, குளிரில், நனைந்துகொண்டு, வாந்தி எடுத்துக்கொண்டு, மீனும் பிடிக்காமல் ஒருவன் எதற்காக இங்கே இருப்பான்? அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்கும் ஒரு நிமிடம் விளங்கவில்லை.

போட்டோடு கட்டியிருந்த பாதி வலை அவர்களிடம் பத்திரமாக இருந்தது. கேன் விளக்குக் கட்டிய மறுபாதி எங்கேயோ மிதந்து போய்விட்டது. அறுந்த வலை நேராக நிற்காது, சுருண்டுகொள்ளும், வெள்ளம், அதாவது நீரோட்டம், ஒரு பக்கம் இழுக்கும், காற்று ஒரு பக்கம். அவர்கள் கரைப் பக்கமாகவும், நாங்கள் இன்ஜின் போட்டு வெளிப்பக்கமாகவும் தேடினோம். எல்லாரும் முழித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து இருட்டைப் பார்த்தோம். ஒவ்வொரு அலை முதுகும் மினுக்குகிற மாதிரியே இருக்கும், கிட்டே போனால் ஒன்றும் இருக்காது. ரெண்டு மணி நேரம். விசித்திரம் என்னவென்றால் அந்த ரெண்டு மணி நேரத்தில் எனக்கு வாந்தி வரவில்லை, வயிறு என்று ஒன்று இருப்பதே மறந்து போயிற்று. அஞ்சு மணி சுமாருக்கு டாக்டர் அக்காதான் கண்டுபிடித்தார். கேன் தலைகீழாகக் கவிழ்ந்து, விளக்குத் தண்ணிக்குள் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

வலையை ஏற்றும்போது விடிந்துவிட்டது. மூணு இடத்தில் கதவு மாதிரி கிழிந்திருந்தது, பாதி மீனைக் காணோம், இருந்ததும் சுருண்ட வலைக்குள் நசுங்கிப் போயிருந்தது. பெரியவர் விரலால் வலைக் கண்களைத் தடவித் தடவி எண்ணிப் பார்த்துவிட்டு எட்டாயிரம் என்றார். குறைத்துச் சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. வலை விலை தெரியாத அளவுக்கு நான் ஊரை விட்டுப் போய்விடவில்லை. பத்து தருகிறோம் என்றேன். கையில் அவ்வளவு காசு இல்லை, ஜிபே போட அங்கே சிக்னல் இல்லை. "நம்பரைச் சொல்றேன், கரைக்குப் போயி போடு" என்றார். இளைஞன் முறைத்தான். பெரியவர் அவனிடம் சொன்னார், "காசிமேட்டுக்காரன்டா, எங்க போயிடப் போறான்."

ரெண்டு வருடமாக நான் பொய்யாகப் போட்டுக்கொண்டிருந்த சட்டை அது. அதை நிஜமென்று எடுத்துக்கொண்டு பத்தாயிரம் ரூபாய்க்கு ஈடாக வைத்துவிட்டுப் போனார்.

பாண்டிச்சேரியில்

பத்தரை மணிக்குப் பாண்டிச்சேரிக்கு வெளியே நங்கூரம் போட்டோம். அதற்கு முன்பே சிக்னல் வந்ததும் பணம் போட்டாயிற்று. மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டோம், தூங்கினோம், ராத்திரி நடைபாதைக் கடலோரம் உட்கார்ந்தோம். மேனேஜருக்கு இன்னும் ஆறவில்லை. அவர் கெட்டவர் இல்லை, பத்தாயிரத்தில் தன் பங்கை முதலில் எடுத்து வைத்ததும் அவர்தான். ஆனால் விதி விதிதானே என்பது அவர் கட்சி. கேப்டன் சொன்னார், "விதியைப் பாத்தா நாமதான் தப்பு. மோட்டார் கப்பல் பாய்மரத்துக்கு வழி விடணும், சரி. ஆனா பாய்மரம் மீன் பிடிக்கிறவனுக்கு வழி விடணும். அதுவும் அதே புத்தகத்துலதான் இருக்கு." பதினெட்டாவது விதி. நானும் படித்ததுதான். பாய் விரித்தவனுக்கு எல்லாரும் வழி விடணும் என்ற பாதி மட்டும் எப்படியோ எங்கள் எல்லார் மனதிலும் தங்கிப் போயிருந்தது.

அடுத்த தடவை தடைக்காலத்தில் போகலாமே, ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் கடல் காலியாக இருக்குமே என்றான் தம்பி. காலியாக இருக்காது, விசைப்படகுதான் நிற்கும், ஃபைபர் போட் போகும், அதோடு அப்போது தெற்குக் காற்று மூஞ்சியில் அடிக்கும் என்றார் கேப்டன். நான் ஒன்றும் பேசவில்லை. கடைசியில், எனக்கு முன்பின் ராத்திரிக் கடலே தெரியாது, வாந்தி சாப்பாட்டால் வந்ததில்லை என்பதை மட்டும் சொன்னேன். டாக்டர் அக்கா சிரித்துக்கொண்டே, "பல் டாக்டர் வீட்டுப் பிள்ளைக்குச் சொத்தைப் பல் இருக்காதா என்ன?" என்றார். அவர் அவ்வளவு லேசாக எடுத்துக்கொண்டது எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. தம்பி மட்டும் ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அந்த மூணு மைல்?" என்று கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் படகில் திரும்பினார்கள். நான் ஈ.சி.ஆர். வழியாக பஸ்ஸில் வந்தேன். மரக்காணம் தாண்டும்போது ஜன்னல் பக்கம் உப்பளம் வெள்ளையாகப் பளபளத்தது. கடல் தெரியவில்லை.

நைனா

நைனாவிடம் சொல்ல மூணு மாதம் ஆயிற்று. முட்டி வலியால் அவர் கடலுக்குப் போவதை நிறுத்தி ஆறு வருடம் ஆகிறது. தடைக்காலத்தில் விசைப்படகு வலைகளைக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பார், அதில் ஒரு கவுரவம். மே மாதத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம், ஏலக் கொட்டகை நிழலில் அவர் காலை நீட்டி, கட்டை விரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்து ஊசி ஓட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்து சொன்னேன். டார்ச்சை ஆட்டினது, கத்தி, பெரியவர், சும்மா, எல்லாவற்றையும். அவர் ஊசியை நிறுத்தவில்லை. டார்ச் ஆட்டின இடத்தில் மட்டும் உதட்டோரம் ஏதோ அசைந்தது. 'ஏண்டா இந்த வேலை உனக்கு' என்பார், இல்லை 'நான் அன்னிக்கே சொன்னேன்' என்பார் என்று காத்திருந்தேன்.

"அறுத்த முனையில இன்னா கட்டி வுட்டே?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அறுக்க வேண்டி வரும். நானே அறுத்திருக்கேன், கப்பல் வர்றப்ப என் வலைய நானே. அறுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் முனையப் புடிச்சி ஆளுக்கொரு கேன் கட்டி வுட்டுடணும். அப்பால வலை எங்க போனாலும் கேன் சொல்லும். போட்ல காலி கேன் இல்லியா?"

அன்றைக்குப் படகில் காலித் தண்ணி கேன் நாலு இருந்தது. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஒன்றைத் தலைக்கு வைத்துத்தான் படுத்திருந்தேன்.

"பதட்டத்துல தோணல நைனா."

"தோணாது. முன்னாடியே கட்டி வெச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் தீர்ந்ததும் என்னிடம் நீட்டினார். எப்படிச் சுற்றுவது என்று எனக்கு மறந்திருந்தது. ஒரு தடவை காட்டினார். சுற்றிக் கொடுத்தேன். சாயந்திரம் கிளம்பும்போது கொட்டகை மூலையிலிருந்து நீலக் கேன் ரெண்டை எடுத்து, ரெண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம் என்று கணக்குப் பார்த்து, கைப்பிடியில் பச்சைக் கயிறு முடிந்து, என் வண்டியின் முன்னால் வைத்தார். எத்தனை பாகம் என்று கேட்டேன்.

"எட்டு போதும். நீ இன்னா தங்கலுக்கா போறே, சும்மாதான போறே" என்றார்.